டயல்-அப் வேகம்: குறை கம்பியில் இல்லை



அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திவந்த டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. செய்தி வந்ததும் பலருக்கு மோடத்தின் கிரீச்சொலிதான் நினைவுக்கு வந்தது. அந்த ஏக்கம் இன்று நமக்கு வேண்டாம். டயல்-அப் இணைப்பின் வேகத்தைக் கூட்ட முடிந்ததா, முடிந்தது என்றால் யாரால், எந்த இடத்தில் என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்தக் கேள்விக்குக் கடைகளில் அட்டைப்பெட்டியில் போட்டு விற்ற விடைகள் ஏராளம். வேகத்தை ஐந்து மடங்காக்கும் மென்பொருள், விண்டோஸ் அமைப்பில் இரண்டு எண்களை மாற்றினால் போதும் என்ற ரகசியக் குறிப்பு, இப்படி. அவற்றில் சிலவற்றுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. என் வாதம் வேறு. வீட்டில் உட்கார்ந்திருந்த பயனரால் செய்ய முடிந்தது கொஞ்சம். மோடத்தை வடிவமைத்தவர்கள் செய்தது அபாரம், ஆனால் அதற்கு மேலே ஒரு கூரை இருந்தது. எஞ்சிய வேகம், அதுவும் பெரும்பகுதி, வலைப்பக்கத்தை எழுதி அனுப்பியவர்களின் கையில் இருந்தது. அவர்கள்தான் அதை மிகக் குறைவாகப் பயன்படுத்தினார்கள்.

முதலில் அந்தக் கூரை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். டயல்-அப் மெதுவாக இருந்ததற்குத் தொலைபேசிக் கம்பிதான் காரணம் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். இது தவறு என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியபோது பெரும்பாலான வீடுகளுக்குப் புதிய கம்பி இழுக்கவில்லை. அதே செம்புக் கம்பி, அதே இணைப்புப் பெட்டி. நேற்று வரை நொடிக்கு 40 கிலோபிட் தர மூச்சுத் திணறிய கம்பி மறுநாள் 256 கிலோபிட் தந்தது. பிறகு மெகாபிட் கணக்கிலும் தந்தது. அப்படியானால் தடை கம்பியில் இல்லை, கம்பி போய்ச் சேரும் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. மனிதக் குரல் புரிவதற்கு 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவெண்கள் போதும் என்று தொலைபேசித் துறை வெகு காலத்துக்கு முன்பே முடிவு செய்து, அதற்கு மேலுள்ளதை வடிகட்டி நீக்கியது. ஒரே தடத்தில் நிறைய உரையாடல்களை ஏற்ற வேண்டியிருந்த காலத்தில் அது புத்திசாலித்தனமான சிக்கனம். கணினிகள் பேச வந்தபோது அந்தச் சிக்கனமே சுவராகிவிட்டது. பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரை, அலைப்பட்டையின் அகலமும் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் தெரிந்தால், பிழையின்றி அனுப்பக்கூடிய அதிகபட்ச வேகத்தைக் கணக்கிடலாம் என்று காட்டியது. நல்ல தொலைபேசித் தடத்தில் சமிக்ஞை இரைச்சலைவிடச் சுமார் 3,000 மடங்கு வலுவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,100 ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 36,000 பிட் வருகிறது. எந்த மென்பொருளும், எந்த விலையுயர்ந்த மோடமும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது.

இந்தக் கூரையை நோக்கி மோடங்கள் ஏறிய கதையில் சற்று நிற்கலாம். 1962-இல் வந்த பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட், அதாவது சுமார் முப்பது எழுத்து, அனுப்பியது. 1984-இன் தரங்கள் 2,400-க்கும் 9,600-க்கும் போயின. 1991-இல் 14,400, 1994-இல் 28,800, 1996-இல் 33,600. இந்த ஏற்றத்தின் நடுவே நிற்பவர் ஐபிஎம்மின் சூரிச் ஆய்வகத்தில் இருந்த காட்ஃபிரீட் உங்கர்போக். அதுவரை பொறியாளர்கள் சமிக்ஞையை வடிவமைப்பது ஒரு வேலை, பிழை திருத்தக் குறியீடு சேர்ப்பது வேறு வேலை என்று பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வடிவமைத்தால் அதே இரைச்சலில் கூடுதல் பிட்டுகளை நம்பகமாக அனுப்பலாம் என்று 1982-இல் வெளியான அவரது கட்டுரை காட்டியது. கம்பியை மாற்றவில்லை, மின்சக்தியைக் கூட்டவில்லை. கணிதத்தால் மட்டும் கிடைத்த லாபம் இது. 33,600 வந்தபோது மோடங்கள் ஷானனின் எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிட்டன. பொறியியல் வரலாற்றில் ஒரு துறை தன் கோட்பாட்டு எல்லைக்கு இவ்வளவு அருகே வந்து நின்றது அபூர்வம். இந்தச் சாதனைக்கு உரிய மரியாதை அந்தத் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம், கிடைத்ததெல்லாம் வசைதான்.

அப்படியானால் 56 கிலோபிட் மோடம் எப்படி வந்தது, ஷானன் பொய்த்தாரா என்று கேட்கலாம். பொய்க்கவில்லை, கணக்கின் ஓர் உறுப்பு மாறியது. எண்பதுகள், தொண்ணூறுகளில் எக்ஸ்சேஞ்சுகள் எண்முறைக்கு மாறின. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டாக எழுதின. மொத்தம் 64,000 பிட். அலையை எண்ணாக மாற்றும்போது நேரும் தோராயப் பிழைதான் மேலே சொன்ன இரைச்சலின் பெரும்பங்கு. இணைய நிறுவனத்தின் பக்கம் எக்ஸ்சேஞ்சோடு நேராக எண்முறையில் இணைந்துவிட்டால், அங்கிருந்து வீட்டுக்கு வரும் திசையில் அந்த மாற்றமே தேவையில்லை. தோராயப் பிழையும் இல்லை. எட்டில் ஏழு பிட்டை நம்பிப் பயன்படுத்தினால் 56,000 வருகிறது. 1997-இல் இதற்கு ஒன்றோடொன்று பேசாத இரண்டு போட்டி முறைகள் சந்தைக்கு வந்து, வாங்கியவர்களைக் குழப்பின, 1998-இல் வி.90 என்ற பொதுத் தரம் அந்தச் சண்டையை முடித்தது. அமெரிக்காவில் சமிக்ஞையின் சக்திக்கு அரசு விதித்த வரம்பால் நடைமுறையில் 53.3 கிலோபிட்டுக்கு மேல் போகவில்லை. வீட்டிலிருந்து வெளியே போகும் திசையில் அலையை எண்ணாக மாற்றியே தீர வேண்டும் என்பதால் வி.90-இல் அங்கே பழைய 33.6-தான் நீடித்தது.

பயனரால் செய்ய முடிந்தது என்ன என்பதற்கு விடை இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. 56 கிலோபிட் கிடைக்க ஒரே நிபந்தனை, வீட்டுக்கு வரும் வழியில் எண் ஒரு தடவைக்கு மேல் அலையாக மாறக் கூடாது. அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்ச் வழியாக மோடத்தை இணைத்தால் இரண்டாவது மாற்றம் நுழைந்துவிடும். எவ்வளவு நல்ல மோடமானாலும் 33.6-க்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். நேரடி லைனுக்கு மாற்றுவதுதான் மருந்து. அடுத்தது வீட்டுக் கம்பி. முறுக்கப்படாத தட்டையான நீளக் கம்பி, துருப்பிடித்த இணைப்பு, அதே லைனில் தொங்கும் இரண்டாவது மூன்றாவது தொலைபேசி, மின்கம்பிக்கு ஒட்டி ஓடும் தடம் இவையெல்லாம் இரைச்சலைச் சேர்ப்பவை. இவற்றைச் சரிசெய்தபோது கிடைத்த சில கிலோபிட் உண்மையான லாபம். இன்னொன்று பலருக்கு விசித்திரமாகப் படும்: இரைச்சலுள்ள லைனில் மோடத்தின் உச்ச வேகத்தைக் குறைத்து வைத்தால் கோப்பு சீக்கிரம் வந்து சேரும். பேராசையோடு 46-இல் இணைந்த மோடம் பிழைகளால் அதே தகவலைத் திரும்பத் திரும்பக் கேட்கும்; நடுவே நின்று லைனை மறுபடி அளக்கும். 40-இல் அமைதியாக ஓடும் மோடம் அதை முந்திவிடும். கணினியின் மூலையில் தெரியும் எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவர்களுக்கு இது பிடிக்காத உண்மை. அந்த மூலையில் சிலருக்கு 115,200 என்றே தெரிந்தது. அது மோடத்துக்கும் கணினிக்கும் இடையிலுள்ள சிறு கம்பியின் வேகம், வெளியுலகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. விண்டோஸ் 95-இல், தகவலைப் பிரித்து அனுப்பும் பொட்டலத்தின் அளவை 1500 பைட்டிலிருந்து 576 ஆக்கும் குறிப்பும் ஊரெல்லாம் சுற்றியது. தட்டச்சும் அரட்டையும் சற்றுச் சுறுசுறுப்பாகத் தோன்ற அது உதவியிருக்கலாம். பெரிய கோப்புக்கு, ஒவ்வொரு பொட்டலத்தோடும் போகும் முகவரித் தலைப்பின் சுமையைக் கூட்டிக் கெடுதலே செய்தது.

மோடத்துக்குள்ளேயே தகவலைச் சுருக்கும் வசதி இருந்ததே, வி.42பிஸ் என்று நான்கு மடங்கு வரை சுருக்குவதாக எழுதியிருந்தார்களே என்று கேட்பது நியாயம். இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மூட்டையில் பஞ்சை அமுக்கலாம். நெல்லை அமுக்க முடியாது. வெறும் உரையில் திரும்பத் திரும்ப வரும் சொற்களும் குறிகளும் இருப்பதால் அது பஞ்சு. ஜிஃப், ஜேபெக் படங்களும் ஜிப் கோப்புகளும் ஏற்கெனவே அமுக்கப்பட்டவை, அவற்றில் காற்று மிச்சமில்லை. அன்றைய வலைப்பக்கத்தின் எடையில் பெரும்பகுதி படங்கள். ஆகவே நான்கு மடங்கு என்ற வாக்குறுதி யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களுக்குப் பயன்படாமல் போனது.

இங்கிருந்துதான் என் வாதத்தின் மையம் தொடங்குகிறது. கம்பியின் பக்கத்தில் இனிப் பெற ஒன்றுமில்லை என்றானபின், அனுப்பும் பக்கத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது? வான் ஜேக்கப்சன் 1990-இல் எழுதிய ஒரு நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைக் கணினியில் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த ஒரு பைட்டோடு 40 பைட் முகவரித் தலைப்பும் போகும். அந்தத் தலைப்பில் பெரும்பகுதி ஒரு பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் மாறுவதே இல்லை. மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்றார் அவர். நாற்பது பைட் மூன்று நான்கு பைட்டாக இளைத்தது. கம்பியும் மோடமும் அப்படியே. அனுப்பத் தேவையில்லாததை அனுப்பாமல் விட்டதில் வந்த வேகம் இது. வலையின் பழைய நெறிமுறை இதற்கு நேர்மாறு. எச்டிடிபி 1.0 ஒவ்வொரு படத்துக்கும் சர்வரோடு புதிதாக ஒரு தொடர்பை ஏற்படுத்தியது. மோடம் வழியாக இந்தியாவிலிருந்து அமெரிக்க சர்வருக்குப் போய்வர அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொருளுக்கும் கைகுலுக்க ஒருமுறை, கேட்க ஒருமுறை என இரண்டு பயணம். நாற்பத்து மூன்று பொருள்கள் கொண்ட பக்கத்துக்கு, உலாவி நான்கு தொடர்புகளை ஒருசேரத் திறந்தாலும், பதினொரு நொடி வெறும் காத்திருப்பிலேயே போகும். அந்த நேரத்தில் கம்பி பாதி வெறுமையாகக் கிடந்தது.

நாற்பத்து மூன்று என்ற எண்ணை நான் சும்மா சொல்லவில்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பைச் சேர்ந்த ஹென்ரிக் ஃபிரிஸ்டிக் நீல்சன், ஜிம் கெட்டிஸ் முதலியோர் 1997-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெட்ஸ்கேப், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் அன்றைய முகப்புப் பக்கங்களை ஒட்டிச் சோதனைப் பக்கம் ஒன்றை அமைத்தார்கள். 42 கிலோபைட் உரை, மொத்தம் 125 கிலோபைட் எடையுள்ள 42 ஜிஃப் படங்கள். சர்வரிலேயே உரையைச் சுருக்கியபோது 42 கிலோபைட் 11 ஆனது. 28.8 கிலோபிட் மோடத்தில் அந்த உரை வந்துசேரும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மோடத்தின் சொந்தச் சுருக்கத்தை விட சர்வரில் செய்த சுருக்கம் தெளிவாக வென்றது என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்தை அலங்கரிக்கப் படமாகப் போட்டிருந்த இடங்களில் நடைதாள் (சிஎஸ்எஸ்) கொண்டு உண்மையான எழுத்தை வைத்தால் மேலும் குறையும் என்றும் காட்டினார்கள். மோடத் தொழில் 28.8-இலிருந்து 56-க்கு வர நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டது. கிடைத்தது இரண்டு மடங்குக்கும் குறைவு. சர்வரில் ஒரு நிரலை இயக்குவதால் உரைக்கு மூன்று மடங்கு. எந்த வீட்டிலும் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டியதில்லை. ஆய்வு வெளிவந்தும் மிகப் பல தளங்கள் ஆண்டுக்கணக்கில் சுருக்காமலே அனுப்பிவந்தன. காத்திருந்த நேரத்துக்குத் தொலைபேசிக் கட்டணம் கட்டியவர் வேறொருவர் அல்லவா?

இதை மறுப்போர் சொல்வது ஒன்றுண்டு. மக்கள் படங்களை விரும்பினார்கள், எடையைக் குறைத்தால் பக்கம் வறண்டுபோகும், வேகம் எப்படியும் வரும், அதுவரை பொறுக்கலாம் என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. வெறும் எழுத்தோடு நின்றிருந்தால் வலை இவ்வளவு பேரை ஈர்த்திருக்காது. ஆனால் வேகமூட்டி மென்பொருள்களின் கதை இந்த மறுப்பைப் பலவீனப்படுத்துகிறது. 2003-ஐ ஒட்டி அமெரிக்க டயல்-அப் நிறுவனங்கள் ஐந்து மடங்கு வேகம் என்று விளம்பரம் செய்து விற்றவை பெரும்பாலும் என்ன செய்தன? இடையில் ஒரு சர்வரை நிறுத்தி, உரையைச் சுருக்கி, படங்களின் தரத்தைக் குறைத்து மறுபடி அமுக்கி அனுப்பின. பாட்டுக் கோப்புக்கோ மென்பொருள் பதிவிறக்கத்துக்கோ ஒரு பயனும் இல்லை; வலைப்பக்கத்துக்கு மட்டும் பயன் இருந்தது. மக்கள் அதற்கு மாதா மாதம் கூடுதல் பணம் கட்டினார்கள். படங்கள் சற்று மங்கினாலும் வேகம் வேண்டும் என்பதே அவர்களின் தேர்வு என்று இதிலிருந்து தெரிகிறது. பக்கத்தை எழுதியவர் இலவசமாகச் செய்திருக்கக்கூடிய வேலையை இடைத்தரகர் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்தார், அவ்வளவுதான். பின்னாளில் கைபேசிகளில் ஓபரா மினி உலாவி செய்ததும் இதே வேலை.

தமிழுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 1995 ஆகஸ்ட் 15-இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. அப்போதைய வேகம் 9.6 கிலோபிட். கணினிகளில் தமிழ் எழுத்துரு இல்லாததால் தமிழைப் படமாகவே அனுப்பும் வழக்கமும் இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு எதிர்த் திசையில் போனது. தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு, எழுத்துக் கோப்பாகவே பகிர்ந்தார்கள். திருக்குறளின் 1,330 குறளும் திஸ்கி போன்ற ஒரு பைட் குறிமுறையில் தோராயமாக 80 கிலோபைட் வரும். 33.6 மோடத்தில் இருபது நொடி. அதே நூலை நூறு பக்கப் படங்களாக, பக்கத்துக்கு 60 கிலோபைட் என்று அனுப்பினால் இருபத்து நான்கு நிமிடம். எந்த மோடமும் தராத எழுபது மடங்கு வேகத்தை, உட்கார்ந்து தட்டச்சிட்ட கைகள் தந்தன. யூனிகோடு வந்து தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆக்கியதே, அது பின்னடைவு இல்லையா என்று அந்த நாளிலேயே வாதிட்டார்கள். பச்சையாக அனுப்பினால் பின்னடைவுதான். ஆனால் யுடிஎஃப்-8 முறையில் அந்த மூன்று பைட்டில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. இரண்டாவதில் இரண்டே வகை. சுருக்கும் நிரலுக்கு இது விருந்து. சர்வரில் சுருக்கி அனுப்பினால் தமிழ் உரை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, மும்மடங்குச் சுமை மறைந்துவிடும். யூனிகோடு தமிழை மெதுவாக்கியது என்றால், சுருக்காமல் அனுப்பிய சர்வர்களும் அந்தப் பழியில் பங்காளிகள்.

எக்ஸ்சேஞ்சையே சுற்றிக்கொண்டு போகும் முயற்சிக்கும் சென்னையில் ஒரு முன்னோடி உண்டு. ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா முறை, குரலையும் இணையத் தகவலையும் தொடக்கத்திலேயே பிரித்து, மோடம் இல்லாமல் 35 அல்லது 70 கிலோபிட் தந்தது. எண்ணில் பார்த்தால் டயல்-அப்பைவிடப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இணையத்தில் இருக்கும்போதே பேசலாம், எக்ஸ்சேஞ்சின் தடத்தை மணிக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டியதில்லை. தடை இருந்த இடத்தைச் சரியாக அடையாளம் கண்ட தீர்வு அது.

முடிந்துபோன தொழில்நுட்பத்துக்கு இன்று ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்வி உங்களுக்குள் எழுந்திருக்கும். முடிந்துபோகவில்லை என்பதுதான் விடை. இன்று நாட்டில் விற்கும் பல கைபேசித் திட்டங்களில் அன்றாட டேட்டா தீர்ந்ததும் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்குகிறது. எண்முறை எக்ஸ்சேஞ்சில் ஒரு குரலுக்கு ஒதுக்கிய அதே 64. நல்ல டயல்-அப் இணைப்பைவிடச் சற்றே மேல். ஆனால் வலைப்பக்கம் அந்த 1997 சோதனைப் பக்கத்தின் ஏறத்தாழ 170 கிலோபைட்டில் நிற்கவில்லை. சராசரிப் பக்கம் இன்று 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. 64 கிலோபிட்டில் அது வந்துசேர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். மாலையில் டேட்டா தீர்ந்த கைபேசியோடு தேர்வு முடிவையோ ரேஷன் அட்டை விவரத்தையோ தேடும் ஒருவர் 1997-ஐவிட மோசமான நிலையில் இருக்கிறார். கைபேசியை மாற்றியோ அமைப்புகளைத் திருகியோ அவரால் இதிலிருந்து தப்ப முடியாது. டயல்-அப் பயனருக்காவது கம்பியைச் சரிசெய்யும் வழி இருந்தது.

இந்த அவையில் அரசுத் தளங்களையும் இதழ்களின் தளங்களையும் நூலகத் தளங்களையும் கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். அறிவிப்பை வருடிய படமாகப் போடாமல் யூனிகோடு எழுத்தாகப் போடுங்கள். சர்வரில் சுருக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். பார்க்க ஐந்து நிமிடம் போதும். புதிய பக்கத்தை வெளியிடும் முன் உலாவியில் வேகத்தை 64 கிலோபிட்டாகக் கட்டுப்படுத்தி ஒருமுறை திறந்து பாருங்கள். அரை நிமிடத்துக்குள் முதல் வரி படிக்கக் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பக்கத்தை வெளியிடாதீர்கள்.